களஞ்சியம் நிறையக் கயிறு

பிள்ளைகளே, உங்கள் மூத்த அக்காவின் மருந்தாளர் படிப்பு ஏன் ஒரு வருடம் பிந்தியது என்பதில் பாதிக் கதைதான் வீட்டில் ஓடுகிறது. மிச்சப் பாதியை நானே எழுதிவைக்கிறேன். மாமா சொல்வதற்கு முந்தி நான் சொல்லிவிட வேண்டும். அவர் சொன்னால் உப்பும் புளியும் கூடிவிடும்.

நாடே டீசலுக்கு வரிசையில் நின்ற வருடம் அது. திருகோணமலை உள்துறைமுகப் பக்கத்து இறங்குதுறையில் இன்று செய்கிற அதே வேலைதான் அன்றும் எனக்கு. வருகிற மீன்பிடிப் படகுகளைக் கரையில் கட்டுவேன், போகும்போது அவிழ்த்துவிடுவேன், கயிறு முதலான சாமான்களைக் களஞ்சியத்திலிருந்து எடுத்துக் கொடுப்பேன். டீசல் இல்லாமல் படகுகள் கிடையில் கிடந்தன. பொழுது போகாமல் பழைய பத்திரிகைகளை வாசிக்கத் தொடங்கினேன். அவற்றில் ஒன்றில் ஒருவர் பங்குச் சந்தையைப் பற்றி எழுதியிருந்தார். எல்லோரும் பயந்து எறிகிற சின்னக் கம்பெனிகளைப் பார். நிலம், இயந்திரம், இருப்புச் சரக்கு எல்லாவற்றின் பெறுமதியையும் கூட்டிக் கடனைக் கழித்து, பங்குகளின் எண்ணிக்கையால் பிரி. சந்தை விலை அதைவிடக் குறைவென்றால் வாங்கிவிட்டுப் பொறுத்திரு. சாராம்சம் இவ்வளவுதான். சாதாரண தரப் பரீட்சையோடு பள்ளியை விட்ட எனக்கே விளங்கியது. விளங்கியதுதான் வினையாகப் போனது.

கயிறும் வலையும் செய்கிற ஒரு சின்னக் கம்பெனியைப் பிடித்தேன். அதன் பங்கு முன்பிருந்த விலையில் கால்வாசிக்கு வந்திருந்தது. ஆங்கில ஆண்டறிக்கையை அக்காவின் அகராதியோடு மூன்று வாரம் உழுதேன். நிலம் சொந்தம். கடன் கொஞ்சம். களஞ்சியம் நிறையச் சரக்கு. பிரித்துப் பார்த்தால் சந்தை விலையைப் போல இரண்டு மடங்கு வந்தது. மூன்று தரம் போட்டும் அதே விடைதான். அக்காவின் படிப்புக்கென்று உங்கள் அம்மாவும் நானும் சேர்த்த காசு வங்கியில் இருந்தது. கட்டணம் கட்ட இன்னும் ஒன்றரை வருடம் கிடந்தது. அம்மாவிடம் மன்றாடி முழுவதையும் அதில் போட்டேன்.

பங்கு இன்னும் இறங்கியது.

அதற்குப் பிறகு நான் பட்ட பாடு! இறக்கக்கண்டியிலிருந்து மாமா காலையில் தேத்தண்ணி குடிக்க முதலே தொலைபேசி எடுப்பார். "அத்தான், இண்டைக்கு உங்கட கயிறு எவ்வளவு இறங்கினது? எங்கட கிணத்து அடியைத் தொட்டிட்டுதோ?" தன் பகிடிக்குத் தானே சிரிப்பார். தரகர் அலுவலகத்துக்கு எடுத்தால், பாட்டைப் போட்டுக் காத்திருக்க வைப்பார்கள். பாட்டு முடிய அழைப்பும் துண்டாகும். அம்மா கத்தவில்லை. குசினியில் அடுப்படியோடு நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "எல்லாரும் வேண்டாமெண்டு விட்டதை நீங்கள் மட்டும் ஏனப்பா தூக்கிப் பிடிக்கிறீங்கள்?"

"அதுதானப்பா இதின்ர சூட்சுமம்" என்றேன். நினைத்தால் இப்போதும் என் வாயிலேயே போட வேண்டும் போலிருக்கிறது. எதிர்த்துக் கதைக்கிற ஆட்கள் கூடக் கூட எனக்கு நான்தான் சரியென்று பட்டது. இறங்குதுறையில் ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. பனிக்கட்டி ஏற்ற வருகிறவருக்குக்கூட அந்தக் கம்பெனியின் அருமை பெருமையைச் சொல்லியிருக்கிறேன்.

நெருக்கடி தணிந்தது. படகுகள் திரும்பக் கடலுக்குப் போயின. மற்றக் கம்பெனிகளின் பங்குகள் மெல்ல ஏறின. என்னுடையது படுத்த இடத்தை விட்டு எழும்பவில்லை.

கட்டணம் கட்ட இரண்டு மாதம் இருந்த நேரம், வாடைக்காற்று மூசிய ஒரு காலை. ஒரு பெரிய படகு கரைக்கு வந்தது. கிண்ணியாப் பக்கத்து முஸ்லிம் ஒருவர்தான் அதன் படகோட்டி, நெடுநாள் பழக்கம். அவர்கள் அண்ணனை அழைக்கிற மாதிரி 'நானா' என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். அலை படகைச் சுவரில் கொண்டுபோய் மோதப் பார்த்தது. கூட நின்றவர் களஞ்சியத்திலிருந்து ஒரு புதுக் கயிற்றுச் சுருளைத் தூக்கிவந்து என் கையில் தந்தார். நான் அதை அப்படியே நிலத்தில் வீசினேன். "இந்தச் சனியன் வேண்டாம், ஒரு காத்துக்கும் தாங்காது. அந்தப் பழையதை எடு!"

பழைய கயிற்றால் படகைக் கட்டி முடித்தோம். படகோட்டி இறங்கி வந்து, நான் வீசிய சுருளைக் காலால் புரட்டி, அதில் தொங்கிய அட்டையைப் பார்த்தார்.

"என்ன அண்ணன், இது ஒங்கட கம்பெனிக் கயிறெல்லோ? என்னத்துக்கு வீசுறீங்க?"

"சும்மா இரு நானா" என்றேன். சும்மா இருக்க ஏலாமல் போனது எனக்குத்தான்.

ஒரு வருடத்துக்கு மேலாக அந்தக் கயிற்றை என் வாயால் திட்டியிருக்கிறேன். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று கம்பெனி எங்கள் தலையில் கட்டியது அது. எங்கள் களஞ்சியத்திலேயே ஒரு மூலை நிறையக் கிடந்தது. படகுக்காரர் ஒருவரும் தொடமாட்டார்கள். காலையில் அதைத் தூக்கி எறிவேன். மத்தியானம் சோற்றுப் பார்சலைப் பிரித்து வைத்துக்கொண்டு, அதே கயிறு கம்பெனியின் களஞ்சியத்தில் நிறைய இருக்கிறதென்று சந்தோஷப்படுவேன். ஆண்டறிக்கையில் நான் சொத்தென்று கூட்டியது இந்தச் சனியனைத்தான்! கை அறிந்ததை மூளைக்குச் சொல்ல ஒரு படகோட்டி வரவேண்டியிருந்தது.

அந்தக் கிழமையே விற்றேன். போட்டதில் மூன்றிலொன்று திரும்பி வந்தது. அக்காவிடம் நானே சொன்னேன். அவள், "ஒரு வருசம்தானே, நான் ஒரு பாமசியில வேலை செய்து சேர்க்கிறன். ஆனா அப்பா, இனிமேல் ஆக்கள் வேண்டாமெண்டா, ஏன் வேண்டாமெண்டும் கேளுங்கோ" என்றாள். அடித்திருந்தால்கூட இவ்வளவு நொந்திருக்காது. சொன்னபடியே வேலைக்குப் போய்ச் சேர்த்துத்தான் படிக்கப் போனாள்.

அந்தப் பத்திரிகைக்காரரில் எனக்குக் கோபமில்லை. பயத்தில் எறியப்பட்ட நல்ல கம்பெனிகள் அன்றும் இருந்தன, அவற்றை வாங்கியவர்கள் பிழைத்தார்கள். எல்லோரும் வேண்டாம் என்றதையே நான் நல்லதற்கு அத்தாட்சியாக எடுத்துக்கொண்டேன். அது துணிவில்லை, வெறும் வீம்பு என்பதை இப்போதும் ஒவ்வொரு கயிற்றுச் சுருளும் எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

அக்காவிடம் சொன்னதற்கு மறுநாள், எல்லோரும் சாப்பிடப் போன நேரம் நான் தனியே களஞ்சியத்துக்குள் போனேன். அந்தக் கயிற்றில் ஒரு முழம் வெட்டி, புரி புரியாகப் பிரித்தேன். வெளியே பளபளவென்று நீலம். உள்ளே பழைய நூலின் நரைத்த துண்டுகள். தூளாக உள்ளங்கையில் கொட்டின. ஐந்து நிமிட வேலை. மிஞ்சியதை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஆண்டறிக்கையில் இருப்புச் சரக்கின் பெறுமதி அச்சிட்டிருந்த பக்கத்துக்குள் வைத்து மூடி, அலுமாரியின் மேல்தட்டில் போட்டேன்.