சேவல் கூவாத மலை

மகள் நான்காம் வகுப்பில் படித்தபோது, பெற்றோர் சந்திப்பில் ஆசிரியை சொன்ன ஒரே குறை, அவள் வகுப்பில் வாயே திறப்பதில்லை என்பதுதான். கணக்கு செய்கிறாள், வாசிக்கிறாள், கேட்டால் தலையாட்டுகிறாள். குரல் மட்டும் வருவதில்லை. ஆசிரியை சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பள்ளிக்கூடத்திலிருந்து, நோர்வேயில் ஹவுகன்ஸ்டுவா என்ற இடத்தில் இருந்த எங்கள் அடுக்குமாடிக்கு நடந்துவர எனக்குப் பத்து நிமிடம் ஆகும். அதற்குள் காது கேட்கவில்லையோ, இரண்டு மொழியும் குழப்புகிறதோ, சின்னவன் பிறந்த பிறகு இவளைக் கவனிக்காமல் விட்டேனோ என்று எல்லாவற்றையும் யோசித்து முடித்துவிட்டேன்.

"வீட்டிலை இவளின்ரை வாயை மூட ஏலாமல் கிடக்கு. அங்கை திறக்கிறாளில்லையாமோ?" என்றார் கணவர். அவர் பஸ் ஓட்டுகிறவர். எதையும் அடுத்த தரிப்பிடத்தில் இறக்கிவிடலாம் என்று நம்புகிறவர்.

அந்த இலையுதிர் காலத்தில் வகுப்பில், அமெரிக்காவுக்கு ஸ்பானியர் கப்பலில் போன கதையைப் படித்தார்கள். பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஒரு மனிதரைத் தெரிவுசெய்து, பெற்றோர் முன்னால் ஐந்து நிமிடம் பேசவேண்டும். இதிலும் அவள் வாய் திறக்காவிட்டால் என்ன செய்வது என்பதே எனக்கு இரவும் பகலும் நினைப்பு.

"எல்லாரும் கப்பல்காரரை எடுத்திட்டினம். நான் சேவல்காரரைச் சொல்லப்போறன்" என்றாள் மகள்.

"ஆர் பிள்ளை சேவல்காரர்?"

நூலகத்திலிருந்து எடுத்துவந்த புத்தகத்தை விரித்துக் காட்டினாள். கரீபியன் கடலில் ஒரு தீவு. அந்த மண்ணின் மக்களுக்கு ஒரு தலைவர். பாதிரிமாரிடம் எழுதப் படிக்கக் கற்றவர். அவரை வேலைக்கு வைத்திருந்த ஸ்பானியர் அவருடைய குதிரையைப் பறித்தார், மனைவியையும் அவமதித்தார். தலைவர் முறைப்படி வழக்குச் சொல்லப் போனார். போனவரையே சிறையில் போட்டார்கள். வெளியே வந்ததும் தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு மலைக்கு ஏறிவிட்டார். பத்து வருடங்களுக்கும் மேலாக, பிடிக்க வந்த படையெல்லாம் வெறுங்கையோடு திரும்பியது. சத்தம் இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று, தங்களோடு இருந்த சேவல்களின் நாக்கை அறுத்துவிட்டார்களாம்.

ஊரில் உயர்தர வகுப்பில் வரலாறு படித்தவள் நான். கப்பலில் போனவரைப் பற்றிக் கேள்வி வரும். கரையில் நின்றவர்களைப் பற்றி ஒரு கேள்வியும் வந்ததில்லை. மகளுக்கு முன்னமே அந்தப் புத்தகத்தை நான் வாசித்து முடித்துவிட்டேன். முடித்ததும் பயம் பிடித்தது. எங்கள் ஊரில் போர்நிறுத்தம் வந்து துவக்குகள் ஓய்ந்திருந்த காலம் அது. நோர்வே தொலைக்காட்சிச் செய்தியில் எங்கள் கதை அடிக்கடி வந்தது. தமிழ்ப் பிள்ளை எழுந்து, மலைக்குப் போய்ச் சண்டை பிடித்தவரைப் பற்றிப் பேசினால், வீட்டில் இவர்கள் பிள்ளைக்கு எதைச் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று நினைக்கமாட்டார்களா?

ஆகவே பேச்சை நானே எழுதினேன். பேச்சு என்றால் எனக்குத் தெரிந்தது ஒரே வகைதான், பள்ளிக்கூடத்துப் பேச்சுப்போட்டி. பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே, நீதி தவறாத நடுவர்களே, ஆசிரியப் பெருந்தகைகளே, என்னருமைச் சக மாணவர்களே என்று தொடங்கி, அகராதியை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் நோர்வேஜிய மொழிக்கு மாற்றினேன். எந்தச் சொல்லுக்கு எந்தக் கை உயரவேண்டும் என்று ஓரத்தில் குறித்தேன். 'போராடினார்' என்ற இடத்தை வெட்டி, 'கருத்து வேறுபாடு காரணமாக மலைக்குப் போய் வாழ்ந்தார்' என்று போட்டேன்.

மகள் வாசித்துவிட்டுப் புருவத்தை உயர்த்தினாள்.

"அம்மா, இது அவர் ஈஸ்டர் லீவுக்கு ஹித்தாவுக்குப் போனமாதிரிக் கிடக்கு."

ஹித்தா என்பது நோர்வேக்காரர் விடுமுறைக்குப் போகும் மலைக்குடில். கணவர் சோற்றுக் கோப்பையோடு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "விடுமன், தலைவர் பாவம், பனிச்சறுக்கிப் போட்டு வரட்டும்!"

நான் சிரிக்கவில்லை. சமையலறையை மேடையாக்கி, அரிசிக் குக்கரை நடுவராக வைத்து, ஒவ்வொரு நாளும் பின்னேரம் பாடமாக்க வைத்தேன். அவள் குரல் உயரும்போதெல்லாம் என் வாயில் தானாகவே வந்தது: "மெல்ல, பிள்ளை. கீழ்வீட்டிலை கேக்கும்." நாங்கள் குடிவந்த முதல் குளிர்காலத்தில், கீழ்வீட்டு மனிதர் ஒருமுறை மேலே வந்து, மேசை ஏதும் இழுக்கிறீர்களா என்று கேட்டுவிட்டுப் போனார். அவ்வளவுதான். அன்றிலிருந்து தடித்த கம்பளம், துணிச் செருப்பு, மெல்ல, மெல்ல.

"பலத்துச் சொல்லவோ, மெல்லச் சொல்லவோ?" என்று மகள் கேட்டாள்.

"பலத்துச் சொல்லு. ஆனா மெல்ல."

அவள் அப்பிளைக் கடித்தபடி என்னைப் பார்த்தாள். "அம்மா, நீங்களும் சேவல்காரர்தான்."

கோபத்தில் சொல்லவில்லை, ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்ததுபோலச் சொன்னாள். நான் குக்கரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மூன்றாம் மாடியில், ஒரு படையும் தேடிவராத வீட்டில், யாருக்குப் பயந்து இந்தப் பிள்ளையின் சத்தத்தை இத்தனை காலம் பிடித்து வைத்தேன்? தாளை மடித்துக் குளிர்பெட்டியின் மேல் போட்டேன். "உனக்குத் தெரிஞ்சமாதிரிச் சொல்லு" என்றேன். சொன்ன பிறகு, அதுவும் பிழையோ என்று இரண்டு நாள் யோசித்தேன்.

பேச்சு நாளன்று வகுப்பறையில் வாஃபிள் வாசனை. பெற்றோர் சின்னக் கதிரைகளில் முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். கணவர் பஸ் சீருடையோடு வந்து சேர்ந்தார். சின்னவன் என் மடியில். மகளின் முறை வந்தது. எழுந்தாள். நின்றாள். வாய் திறக்கவில்லை.

பிறகு கைகளைக் கூப்பினாள்.

"பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே, நீதி தவறாத நடுவர்களே..."

அவள் விட்டுவிடுவாள் என்று நான் நினைத்த அதே தொடக்கம், நோர்வேஜிய மொழியில், ஒரு சொல் குறையாமல்! கம்பளிச் சட்டைபோட்ட தகப்பன்மார் நடுவர்கள் எங்கே என்று திரும்பிப் பார்த்தார்கள். நான் முகத்தைச் சின்னவனின் தொப்பிக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன். வணக்கம் முடிந்ததும் தாளில் இல்லாத கதை தொடங்கியது. குதிரை, வழக்கு, சிறை. "அதனால் அவர் போராடினார்" என்றாள், என்னை நேராகப் பார்த்துக்கொண்டே. பிறகு எல்லோரும் தங்கள் நாக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று கட்டளையிட்டாள். ஆசிரியை, தகப்பன்மார், என் கணவர், அத்தனை பேரும் இரண்டு விரலால் நாக்கைப் பிடித்துக்கொண்டு, மலையில் ஒளிந்திருக்கும் சேவல்கள்போல இருந்தோம்.

"கடைசியில் ராசா சமாதானம் கேட்டுக் கடிதம் அனுப்பினார். இனி ஒளிக்கத் தேவையில்லை. அவர்கள் புதிதாகக் கோழிக்குஞ்சு வளர்த்தார்கள். அதில் ஒன்று பெரிய சேவலாகி..."

கோழிக்குஞ்சு எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவள் மூச்சை இழுத்துக் கூவினாள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்ததென்றே எனக்குத் தோன்றியது. சின்னவன் முதலில் திடுக்கிட்டான், பிறகு கைதட்டினான். நாக்கை விட்ட வகுப்பு முழுவதும் சேர்ந்து கூவியது. அடுத்து எழுந்த பொன்னிறமுடிச் சிறுமி, கப்பல்காரரைப் பற்றிப் பேச வந்தவள், கைகளைக் கூப்பி, "நீதி தவறாத நடுவர்களே" என்று தொடங்கினாள்.

வீட்டுக்கு வந்து படியேறும்போது மகள் இன்னொருமுறை கூவிப் பார்த்தாள். படிக்கட்டில் அது நன்றாக எதிரொலித்தது. கீழ்வீட்டுக் கதவு திறந்தது. மன்னிப்புக் கேட்கும் வசனம் என் வாயில் ஆயத்தமாக இருந்தது.

"நீங்கள் வீடு மாறிப் போய்விட்டீர்களோ என்று நினைத்திருந்தேன்," என்றார் அந்த மனிதர். "மேலே ஒரு சத்தமும் கேட்பதில்லை. இப்போது கூவியது யார்?"

மகள் அவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"பலத்து," என்றேன்.