எதிர்ப்பக்கம் சாய்ந்த நெளிவு

வேலிக்காரி கையில் மட்டும் அந்தக் குறடு இல்லாமல் போயிருந்தால், இந்நேரம் பூமியே தொய்ந்துபோய், கடலெல்லாம் ஒரு ஓரமாக வழிந்து, நாமெல்லாம் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருப்போம். மலைகள் நிமிர்ந்து நிற்பது யாரால் என்று நினைக்கிறீர்கள்? இடி இடிக்கிறதே, அது இடியே இல்லை. வானத்தின் ஓரத்தில் ஒரு கம்பியை அவள் இழுத்து இறுக்குகிற சத்தம். ராஜாக்கள் செங்கோல் வைத்திருந்தார்களாம். அதை வைத்து ஒரே ஒரு கம்பியை விறைப்பாக்கச் சொல்லுங்கள், பார்ப்போம்.

சரி, கொஞ்சம் கீழே இறங்குவோம். பால் பண்ணையில் வேலி பார்ப்பது அவள் வேலை. பெயர் ஒன்று இருக்கிறது. சம்பள நாளில் மட்டும் அதைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். மற்ற நாளெல்லாம் வேலிக்காரிதான். கன்றுகள் மேய்கிற புல்வெளியைச் சுற்றிக் கல்தூண்கள், தூணுக்குத் தூண் நாலு வரிசைக் கம்பி. அதற்கு அப்பால் லாரி பறக்கிற ரோடு. உள்ளே எவ்வளவு புல் கிடந்தாலும் கன்றுகளுக்கு ரோட்டோரப் புல்தான் ருசி. நெஞ்சைக் கொடுத்து அழுத்தி, கழுத்தை நீட்டி, கம்பியைத் தொங்கவிட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்க்கும்.

"தலையை எடுடி. அந்தப் பக்கம் என்ன, உன் மாமியார் வீடா?" என்று ஒரு தட்டு தட்டிவிட்டு, தொய்ந்த கம்பியைக் குறட்டின் வாயில் கொடுப்பாள். கைப்பிடி இரண்டையும் சேர்த்து ஓர் அழுத்து, மணிக்கட்டில் ஒரு திருப்பு. கம்பியில் நறுக்கென்று ஒரு சின்ன நெளிவு விழும். அளவு பெரிதான பாவாடைக்கு இடுப்பில் மடிப்பு வைத்துத் தைத்துச் சின்னதாக்குவார்களே, அதே வித்தை. நாலைந்து நெளிவு விழுந்ததும் கம்பி விறைத்துக்கொள்ளும். விரலால் சுண்டிப் பார்ப்பாள். 'ணங்' என்றால் அடுத்த தூண். 'தொப்' என்றால் இன்னொரு நெளிவு.

அவள் வீட்டுக்காரர் அதே பண்ணையின் பால் வண்டியை ஓட்டுகிறவர். இடதுகைக்காரர். கல்யாணம் ஆன நாள் முதல் இந்த விஷயத்தில் அவரை அவள் சும்மா விட்டதே இல்லை.

"உங்க பீச்சாங்கையால காப்பி ஆத்தாதீங்க. காப்பியே வழி தெரியாம முழிக்குது."

"அது உன் வாய்க்குப் பயந்து முழிக்குது. என் கையை ஏன் இழுக்கிற?"

இப்படிப் பேசிக்கொண்டு திரிந்தவளுக்கு, வலது மணிக்கட்டு சண்டித்தனம் பண்ண ஆரம்பித்தது. முதலில் பாட்டில் மூடி திறக்க வரவில்லை. பிறகு சாவியைத் திருப்பும்போது சுரீர் என்றது. கடைசியில் கைப்பிடியை அழுத்தினால் கட்டைவிரலின் அடியிலிருந்து முழங்கை வரைக்கும் யாரோ நெருப்புக் குச்சி கிழித்த மாதிரி. யாரிடமும் மூச்சு விடவில்லை. வீட்டில் துணி துவைக்கும்போது, "இன்னைக்கு நீங்க பிழிங்க. தொப்பை குறையட்டும்" என்று ஈரத்துணியை அவர் கையில் திணித்துவிடுவாள். அவரும் தொப்பையைத் தடவிக்கொண்டு பிழிந்தார்.

சொல்லாததற்குக் காரணம் இருந்தது. பண்ணையில் உடம்புக்கு முடியாமல் போனவர்களைப் பாக்கெட் அடுக்குகிற கூடத்துக்கு மாற்றிவிடுவார்கள். ஜன்னல் கிடையாது. நாள் முழுக்கக் குழல் விளக்கு வெளிச்சத்தில், சில்லென்ற பாக்கெட்டுகளை எடுத்து எடுத்து வைக்க வேண்டும். கன்றோடும் காற்றோடும் வாயாடிப் பழகியவள் அங்கே யாரோடு வாயாடுவாள், பால் பாக்கெட்டோடா? அந்தக் கூடத்தைத் தாண்டும்போதெல்லாம் அவள் நடை தானாக வேகம் பிடிக்கும்.

ஒருநாள் ரோட்டு மூலையில் மேல் கம்பி இரண்டும் படு தொய்வு. அவள் முயன்று பார்த்தாள். ஒரு நெளிவுகூட முழுதாக விழவில்லை. கண்ணில் பொறி பறந்ததுதான் மிச்சம். நாளைக்குப் பார்க்கலாம் என்று குறட்டோடு கொட்டகைக்குப் போய், அதை ஆணியில் மாட்டிவிட்டு வந்தாள். மறுநாள் போய்ப் பார்த்தால் கம்பி இரண்டும் விறைப்பாக நிற்கின்றன. சுண்டினாள். 'ணங்'.

குனிந்து பார்த்தாள். புது நெளிவுகள். அவளுடையவை எல்லாம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். இவை எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தன. அவள் கை போட்ட நெளிவு இல்லை.

'ஆள் பார்த்துட்டாங்க' என்று முடிவு கட்டிவிட்டாள். சூப்பர்வைசர் அவள் கையைக் கவனித்துவிட்டார்; புது ஆளை வைத்துச் சத்தமில்லாமல் வேலை பழக்குகிறார்; சம்பள நாளன்று கூடத்துக்குப் போ என்று சொல்வார். அதற்குப் பிறகும் தொய்ந்த இடமெல்லாம் அவள் இரண்டாம் சுற்று வருவதற்குள் இறுகிக்கிடந்தன. எல்லாம் எதிர்ப்பக்கச் சாய்வு. அந்த முகம் தெரியாத ஆள்மேல் அவளுக்கு வந்த கோபத்தில் கன்றுகள்கூட அன்றைக்கு வேலியை விட்டு விலகி மேய்ந்தன.

பண்ணை முழுக்க ஆட்களின் கையையே நோட்டம் விட்டாள். தீனி போடுகிறவர் எந்தக் கையில் வாளி தூக்குகிறார், வாட்ச்மேன் எந்தக் கையால் கதவைத் தள்ளுகிறார்.

"என்னம்மா, என் கையையே பார்க்கிற? ஜோசியம் கத்துக்கிட்டியா?" என்றார் வாட்ச்மேன்.

"ஆமா. ஆயுள் கெட்டி. வேலைதான் யாருக்கும் கெட்டியில்லை."

அன்று சாயங்காலம் வீட்டு முற்றத்தில் அவர் போர்வையைப் பிழிந்துகொண்டிருந்தார். வேலிக்காரி சும்மாதான் பார்த்தாள். தண்ணீர் சொட்டச் சொட்டப் போர்வை கயிறாக முறுக்கேறியது. அந்த முறுக்கு ஓடிய திசையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். அவள் பிழிந்தால் இந்தப் பக்கம் ஓடும். இது அந்தப் பக்கம் ஓடியது. பண்ணையில் இருக்கிற அத்தனை கையையும் அலசியவள், தினமும் சோறு போடுகிற கையை விட்டுவிட்டாள்.

மறுநாள் காலைப் பாலை இறக்கிவிட்டு அவர் வண்டி திரும்புகிற நேரமாகப் பார்த்து, சுற்றைப் பாதியில் விட்டுவிட்டு ரோட்டு மூலைக்குப் போனாள். சாப்பாட்டுத் தூக்கு திறக்காமல் தூணில் தொங்கியது. அவர் குனிந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, வண்டியில் கிடக்கிற பழைய குறட்டை இடது கையில் பிடித்து ஒரு கம்பியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"திருட்டு வேலை செய்யிறவன் தடயம் விடக் கூடாதுங்க."

அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். "என்ன தடயம்?"

"உங்க நெளிவு எல்லாம் பீச்சாங்கைப் பக்கமா சாஞ்சு கிடக்கு. புது ஆளுன்னு நெனச்சு நான் சோறு இறங்காமக் கெடந்தேன்."

"ஐயையோ" என்றார் அவர். இந்தத் தப்பு அவர் மண்டைக்கு எட்டவே இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. "கை வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொன்னியா நீ?"

"சொன்னா என்ன பண்ணியிருப்பீங்க?"

"இதைத்தான் பண்ணியிருப்பேன். சாப்பிட்டுட்டுப் பண்ணியிருப்பேன்."

சொல்லிவிட்டு அவர் ரோட்டைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். அப்போது பார்த்துக் காற்று பலமாக அடித்தது. வேலிக்காரி கண்ணில் தூசி விழுந்தது. அவர் கண்ணிலும் விழுந்தது. காற்று எல்லோருக்கும் பொதுதானே.

"ஆயுசுக்கும் நீங்க பட்டினி கிடந்து என் வேலையைப் பார்ப்பீங்களா?" என்றாள். "எனக்கும் இன்னொரு கை இருக்கு. சொல்லிக்குடுங்க."

அப்புறம் நடந்ததைக் கன்றுகள்தான் சொல்ல வேண்டும். இடது கையில் குறடு ஒரு பக்கம் போனால் கம்பி ஒரு பக்கம் போனது. "இது கையா, கரண்டியா?" என்றார் அவர். இத்தனை வருஷத்துக் கடனை வட்டியோடு வசூலித்தார் மனுஷன். "ரொம்ப ஆடாதீங்க வாத்தியாரே" என்று பல்லைக் கடித்துக்கொண்டு அவள் அழுத்தினாள். கோணல் மாணலாக ஒன்று விழுந்தது. அடுத்தது கொஞ்சம் பரவாயில்லை. பழகப் பழக 'ணங்' வந்தது. சூப்பர்வைசர் வந்தார், கம்பிகளை இழுத்து ஆட்டிப் பார்த்தார், "நல்லா வச்சிருக்கம்மா" என்றார், போனார். நெளிவு எந்தப் பக்கம் சாய்கிறது என்று அவர் எங்கே பார்த்தார்? வேலியும் வெயிலும் வாயாடுகிற கன்றுகளும் அவளுக்கே நின்றன.

இவ்வளவையும் எழுதி முடித்து, அவளுக்கே வாசித்துக் காட்டியாயிற்று. பூமி, கடல், இடி எல்லாவற்றையும் தலையாட்டாமல் கேட்டுக்கொண்டு வந்தாள். காற்று அடித்த இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"இருடி. அன்னைக்கு ஏது காத்து? ஒரு இலை அசையலையே."

"அது சும்மா... கதைக்காக, அத்தை."

"சரி, என் கண்ணுல தூசி விழுந்ததை நானே சொன்னேன்னு வச்சுக்குவோம். அவர் எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு ரோட்டைப் பார்த்துல்ல நின்னாரு. அவர் கண்ணுல விழுந்தது எனக்கே இப்பத்தான் தெரியும்." அவள் குரல் கொஞ்சம் இறங்கி, உடனே ஏறிக்கொண்டது. "ஸ்கூல் நேரத்துல ரோட்டுப் பக்கம் உனக்கு என்னடி வேலை?"