அடுத்தவன் மூட்டை

ஒரு புரட்டாசி மாதம் தண்டையார்பேட்டையிலிருந்து திருப்பதி மலைக்கு நாங்கள் இரண்டு பேர் நடந்தே கிளம்பினோம். வெள்ளைக்காரன் போய் நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். எனக்கு வேண்டுதல் எதுவும் கிடையாது, சாமி மேல் அப்போது பெரிய நம்பிக்கையும் கிடையாது. வேண்டுதல் என் தோஸ்துடையது. எங்கள் வரிசையில் மூன்று வீடு தள்ளிக் குடியிருந்தான். துறைமுகத்தில் ஒரே கூட்டத்தில் மூட்டை தூக்கினோம்.

அந்த வருஷம் அவனுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. கஷாயம், தாயத்து, தர்மாஸ்பத்திரி மருந்து, எதற்கும் அடங்கவில்லை. மேஸ்திரிக்குத் தெரிந்தால் காலையில் பேர் கூப்பிட மாட்டான். பேர் கூப்பிடாவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. அதனால் வாயில் துண்டை அடைத்துக்கொண்டு இருமுவான். கடைசியில், நடந்தே வருகிறேன், இதை நிறுத்து என்று பெருமாளிடம் பேரம் பேசிவிட்டான்.

கிளம்புவதற்கு முன் அவன் மனைவி என்னைத் தெருக்குழாய் பக்கம் நிறுத்தினாள்.

“அண்ணா, அவருக்கு நெஞ்சு சரியில்ல. அவரு மூட்டையயும் நீயே தூக்கினு போ. கேட்டா குடுக்க மாட்டாரு. நீயா புடுங்கிக்கோ.”

“நான் பாத்துக்கறேம்மா, நீ கவலப்படாத” என்றேன்.

சொல்வது சுலபம். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கப்பலடியில் இரண்டு பேர் சேர்ந்து ஒருவன் முதுகில் மூட்டையை ஏற்றிவிடுவோம். ஏறிய பிறகு அது அவனுடையது. கிடங்குக்குப் போய் இறக்கும் வரை, தள்ளாடினாலும் முட்டி மடங்கினாலும் அதில் யாரும் கை வைக்கக் கூடாது. அவனாக வாய் திறந்து ‘கை குடு’ என்று கேட்க வேண்டும். கேட்காமல் தொட்டால், நீ இனி எதற்கும் ஆகமாட்டாய் என்று ஊரறியச் சொன்ன மாதிரி. இதற்காகக் கத்தியைத் தூக்கியவர்களை எனக்குத் தெரியும்.

முந்தின நாள் சாயங்காலம் எங்கள் இரண்டு மூட்டைகளையும் அவனே கட்டினான். பழைய கோணியில் கயிறு கோத்து, முதுகில் மாட்டிக்கொள்கிற மாதிரி. “ஆளுக்குப் பாதி” என்றான்.

மூலக்கடை தாண்டி மாதவரம் வருவதற்குள் வெயில் ஏறிவிட்டது. இரண்டு பேரும் வெறுங்கால். எங்களுக்கு மெதுவாக நடக்கத் தெரியாது. பாரத்தோடு நின்றால் பாரம் கூடும் என்று கப்பலுக்கும் கரைக்கும் போட்ட பலகை மேல் சின்ன ஓட்டமாகவே போய்ப் பழகியவர்கள். செங்குன்றம் ரோட்டிலும் அதே ஓட்டம்தான், ஏதோ சாயங்காலத்துக்குள் கப்பலைக் காலி செய்தாக வேண்டும் என்பதுபோல. மலைக்குப் போகிறவன் எவனாவது அப்படிப் போவானா? மஞ்சள் துணி கட்டிய கிழவர்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள்.

என் மூட்டை பூ மாதிரி இருந்தது. என் உடம்பு அப்படி என்று எனக்கு ஒரே கர்வம். அவன் பின்தங்கும் போதெல்லாம் திரும்பிக் கிண்டல் செய்தேன்.

“இன்னா மாமு, மலையே உன்னாண்ட வரட்டும்னு கீறியா?”

“போடா சோமாரி. வந்துகினுதான கீறேன்.”

அன்று ஏரிக்கரைச் சத்திரத்தில் போட்ட சோற்றைத் தின்று, மூட்டையை அவிழ்க்காமலே படுத்தோம். மறுநாள் எழுந்தபோது இருவருக்கும் உள்ளங்காலெல்லாம் கொப்புளம். ஒரு மைல் போயிருப்போம். அவன் நின்று இருமினான், மண்ணில் துப்பினான், காலால் மண்ணைத் தள்ளி மூடினான். மூடுவதற்குள் சிவப்பை நான் பார்த்துவிட்டேன். நான் பார்த்ததை அவனும் பார்த்தான். கயிற்றைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் நடந்தான்.

என் கை இரண்டு தடவை அவன் கயிறு வரைக்கும் போனது. அவன் மனைவி சொன்னது காதிலேயே இருந்தது. ஆனாலும் கையை இழுத்துக்கொண்டேன். அங்கே மேஸ்திரி இல்லை, கப்பல் இல்லை, பார்ப்பதற்கு ஒரு காக்காய்கூட இல்லை. கேட்பான், இதோ கேட்பான் என்று காத்துக்கொண்டே வந்தேன். என்னைப்போல் ஒரு மடையன் உண்டா?

ஒரு புளியமரத்தடியில் மூட்டையோடு அப்படியே சரிந்தான். அப்போதுதான் கயிற்றைக் கழற்றினேன். ஒரு கையால் தூக்கப் பார்த்தேன், மூட்டை எழும்பவில்லை. அவிழ்த்துப் பார்த்தேன். இரண்டு பேருக்குமான அரிசி, பருப்பு, பித்தளைக் குண்டான், சாமிக்கு உடைக்கத் தேங்காய்கள், எல்லாம் அவன் மூட்டையில். என்னுடையதில் இரண்டு வேட்டி, ஒரு போர்வை, கொஞ்சம் பொரி.

“ஏண்டா பாவி, இப்படிப் பண்ணே?” என்று கத்தினேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

“உனுக்கின்னா வேண்டுதலா? எனுக்காவ நடக்கற. பாரமும் உனுக்கா?”

விறகு வண்டிக்காரர் ஒருவர் இரக்கப்பட்டு எங்களை மூலக்கடை வரை ஏற்றி வந்தார். அங்கிருந்து கைரிக்‌ஷா. அவன் மனைவி வாய்விட்டு அழவில்லை. பாய் விரித்துப் படுக்க வைத்தாள். பிறகு மூட்டைகளை உள்ளே எடுத்து வைக்க வந்தாள். என்னுடையதை ஒரு கையால் தூக்கினாள். அவனுடையதைத் தூக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

“இத்தயா தூக்கினு நடந்தாரு?” என்று என்னைக் கேட்டாள்.

பாயிலிருந்து அவன்தான் பேசினான்.

“இல்லமே. அவன்தான் தூக்கினான். வூட்லேர்ந்தே அவன்தான்.”

மூட்டை தூக்குகிறவன் உயிர் போனாலும் தன்னைப்பற்றிச் சொல்லாத சொல் அது. எனக்காகச் சொன்னான். அவள் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். “நீ நல்லா இருக்கணும்ண்ணா” என்றாள். நான் மறுக்கவில்லை. பிறகும் எந்நாளும் அவளிடம் உண்மையைச் சொல்லவில்லை.

தை பிறப்பதற்குள் அவன் போய்விட்டான். பாடைக்கு முன்பக்கம் நான் தோள் கொடுத்தேன். எங்கள் கூட்டத்து ஆட்கள் அத்தனை பேரும் கூடவே நடந்து வந்தார்கள். மூலக்கொத்தளம் சுடுகாடு வரை, தோள் மாற்ற நான் யாரையும் கேட்கவில்லை. கேட்காததால் யாரும் தொடவில்லை.