மாறு என்றார், மாறினோம்

நான் கோல்கீப்பராக நின்ற வருஷம் எங்கள் காலேஜ் புட்பால் டீம் ஒரு மேட்ச்கூட ஜெயிக்கவில்லை. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா என்றால், உண்டு. ஆனால் முழுக்க இல்லை.

அந்த வருஷம்தான் பாளையங்கோட்டையிலிருந்து எங்கள் மலையாளத்து ஊருக்குப் புதுக் கோச் வந்தார். காலையில் கெமிஸ்ட்ரி லாபில் தற்காலிக வேலை, சாயங்காலம் எங்களோடு மைதானம். சீசனில் ஒரு மேட்சாவது ஜெயித்தால் வேலையை நிரந்தரமாக்குவதாகப் பிரின்சிபால் சொல்லியிருந்தார். ஒரு மேட்ச்தானே என்று வலியசாலையில் வீடு பார்த்து, பெண்டாட்டியையும் கைக்குழந்தையையும் கூட்டிவருவதாக வீட்டுக்காரரிடம் வாக்கும் கொடுத்துவிட்டார். அவசரக்காரர், பாவம்.

மனுஷருக்கு ஆட்டம் தெரியும். லெப்டில் இருப்பவன் ரைட்டுக்கும் ரைட்டில் இருப்பவன் லெப்டுக்கும் சட்டென்று இடம் மாற்றிக்கொண்டால் எதிராளி திணறிப்போவான் என்பது அவருடைய வித்தை. கரும்பலகையில் இங்கிலீஷில் அழகாக விளக்கினார். மைதானத்தில் ஆவேசம் வந்தால் மட்டும் தமிழ் வந்துவிடும். "மாறு! மாறு!" என்று கோட்டுக்கு வெளியே நின்று கத்துவார்.

நாங்கள் மாறினோம். எனக்கு முன்னால் நின்ற பேக் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் விலகி வழிவிட்டார்கள். பந்தோடு வந்தவனுக்கே கூச்சமாகப் போய்விட்டது. நானும் விலகினேன். கரமனையில் எங்கள் வீட்டில் தமிழ்தான் பேச்சு, ஆனால் வாசலில் மாடு மறித்தால் நாங்களும் "மாறு" என்றுதான் அதட்டுவோம். உள்ளே வரவிட்டு அவர்களைக் களைப்பாக்கும் புது முறை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மேட்ச் முடிந்ததும் கோச் குதித்தார். "மாறுன்னா மாறணும்லா! ஏம்லே மாறல?"

கேப்டன் மலையாளி, மரியாதைக்காரன். "மாறியல்லோ சாரே. எல்லாரும் மாறி."

"பெறகு எப்படிலே கோல் விழுந்தது?"

"மாறியதுகொண்டாணு, சாரே." மாறியதால்தானாம்.

இதே பேச்சு ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் நடந்தது. பொய் சொல்கிறான் என்று அவர் நினைத்தார், பைத்தியம் என்று இவன் நினைத்தான். சொன்னதைத்தானே செய்கிறோம் என்று எனக்கும் எரிச்சலாக வந்தது.

கடைசி மேட்சுக்கு முந்தின நாள் அவரோடு சாலைக் கடைத்தெருவில் போய்க்கொண்டிருந்தேன். அரிசி மூட்டையோடு ஒரு சுமட்டுக்காரன் "மாறு! மாறு!" என்று பின்னால் கத்திக்கொண்டு வந்தான். எல்லாரும் ஒதுங்கினார்கள். இவர் மட்டும் நடுரோட்டில் நின்றார்.

"எதை மாத்தச் சொல்லுதான்?"

"ஒண்ணையும் மாத்த வேண்டாம் சார். மலையாளத்தில மாறுன்னா விலகுன்னு அர்த்தம்" என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. பக்கத்துக் கடைப்படியில் உட்கார்ந்து தலையில் கைவைத்துக்கொண்டார். "நாசமாப் போச்சே! வருசம் பூரா நாந்தாம்லே வழிவிடச் சொல்லிருக்கேன்!"

மறுநாள் மேட்ச் முழுக்கத் துண்டு நுனியை வாயில் கடித்துக்கொண்டு நின்றார். ஐயோ, என்ன ஆட்டம்! ஒருத்தனும் விலகவில்லை. மோதினார்கள், விழுந்தார்கள், எழுந்தார்கள். முடியப்போகிற நேரம்வரை கோலே இல்லை. ஒன்று போட்டால் போதும், அவருக்கு வேலை நிரந்தரம். அப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு பந்து வந்தது. வேகம்கூட இல்லை. குனிந்து பிடித்தேன், பிடித்ததாகத்தான் நினைத்தேன். அது கால் நடுவில் போய்க்கொண்டிருந்தது. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம். அன்றைக்கு எங்களுக்குக் கூடம் நேராகத்தான் இருந்தது.

அவர் வந்து என் முதுகில் தட்டினார். திட்டியிருந்தால் தேவலை.

வேலை போய் ஊருக்குத் திரும்பியவரைக் கிழக்கேகோட்டையில் நாகர்கோவில் வழி பஸ்ஸில் ஏற்றிவிட டீமே போயிருந்தோம். பஸ்ஸில் கூட்டம், படியில் கால்வைக்க இடமில்லை. அவர் டிரங்குப் பெட்டியைத் தலைக்குமேல் தூக்கினார்.

"மாறு! மாறு!"

படிக்கூட்டம் அப்படியே விலகியது. பழக்கதோஷம், நாங்களும் விலகி வழிவிட்டோம். அவர் ஏறிப் போய்விட்டார்.