முருகேசனுக்காக நான் மாற்றிய ரிடிம்

சென்னையில் எட்டு வருஷம் டப்பிங் தியேட்டரில் இருந்துவிட்டு, இரண்டாயிரத்து நாலு வாக்கில் துபாய் கராமாவில் ஒரு சின்ன ரெக்கார்டிங் ஸ்டுடியோவில் இன்ஜினியராகச் சேர்ந்தேன். முதலாளி ட்ரெவர், ஜமைக்காக்காரர். முதல் மாதமே என் மண்டைக்கனத்தால் ஒரு வேலையைக் கெடுத்தேன். புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்று எழுதுகிறேன்.

ஜமைக்காவின் டான்ஸ்ஹால் இசையில், குரல் சேர்க்காத டிரம்ஸ், பேஸ் டிராக்குக்கு ரிடிம் என்று பெயர். ஒரே ரிடிமை நாலைந்து பாடகர்களுக்குக் கொடுப்பார்கள். ஆளாளுக்குச் சொந்த வரி, சொந்த மெட்டு. நம் ஊரில் இப்படிச் செய்தால் காப்பி என்று கிழித்துவிடுவார்கள். எனக்கும் அது திருட்டுத்தனமாகத்தான் பட்டது. ஏன் இப்படி என்று நான் கேட்கவில்லை. எட்டு வருஷ அனுபவசாலி ஆயிற்றே!

அந்த மாதம் ஒரு ரிடிமில் ஐந்து பாட்டுகள் சேர்த்து ஒரு சிடி போடுவதாகத் திட்டம்; நான்கு பேர் பாடி முடித்திருந்தார்கள். ஐந்தாவது ஆள் முருகேசன், பரமக்குடிப் பக்கம். அஜ்மானில் தொழிலாளர் கேம்ப்பில் தங்கி சாரம் கட்டும் வேலை பார்த்தவர். ஒரு கலைநிகழ்ச்சியில் அவர் பாடியதைக் கேட்ட ட்ரெவர், ரிடிமை சிடியில் போட்டுக் கொடுத்திருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை காலை முருகேசன் பஸ் பிடித்து வந்தார். மறுநாள் கம்பெனி அவரை ஓமானுக்கு, சோஹார் சைட்டுக்கு அனுப்புகிறது. அவருக்குப் பாட அந்த ஒரு நாள்தான்.

அவர் உள்ளே வரும்போது, அதே ரிடிமில் ஒரு பிலிப்பைன்ஸ் பெண் பாடியது ஸ்பீக்கரில் ஓடிக்கொண்டிருந்தது. முருகேசன் முகம் தொங்கிப்போனது.

"அண்ணே, இது எனக்குக் குடுத்த மியூசிக்குல்ல? டூட்டி முடிஞ்சு வந்து ஒரு மாசமா இதுக்குத்தான் வரி எழுதுனேன். அந்தப் புள்ள பாடிட்டுப் போயிருச்சா?"

எனக்கு மனசு கேட்கவில்லை. ட்ரெவரும் அன்று ஸ்டுடியோவில் இல்லை. "கவலைப்படாதீங்க தம்பி" என்று சொல்லிவிட்டு, அவருக்கென்று தனி மியூசிக் மாதிரி கேட்கட்டும் என்று தாள வேகத்தை ஏற்றினேன், சுருதியை அரைக் கட்டை உயர்த்தினேன். முருகேசன் பிரமாதமாகப் பாடினார். "ரூம்ல எல்லாரும் சிடி எப்ப வரும்னு கேட்டுட்டே இருக்காங்கண்ணே" என்று சிரித்தபடி கிளம்பினார்.

மறுநாள் ட்ரெவர் ஐந்து பாட்டையும் அடுத்தடுத்து ஓட்டினார். நான்கு வரை ஒரே ஓட்டம். ஐந்தாவதில், ஸ்பீட் பிரேக்கரில் ஏறின பஸ் மாதிரி தூக்கிப்போட்டது.

"என் ரிடிமைத் தொடச் சொன்னது யார்?" என்று ஆங்கிலத்தில் கத்தினார். "டிஜே ஒரு பாட்டிலிருந்து அடுத்ததற்குத் தாவுவான். தாளம் அறுபடவே கூடாது, குரல் மட்டும் மாறணும். அப்பத்தான் ஒருத்தனை ஒருத்தன் மிஞ்சுவான். அதுக்குத்தான் எல்லாருக்கும் ஒரே ரிடிம்."

சாஃப்ட்வேரில் முருகேசன் குரலை மெதுவாக்கிப் பார்த்தேன். தூக்கக் கலக்கத்தில் பேசுவது போல வந்தது. திரும்பப் பாட ஆளும் இல்லை. சிடி நான்கு பாட்டோடு வெளியானது.

சோஹாருக்கு நானே போன் செய்து, தப்பு என்னுடையது என்று ஒன்று விடாமல் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை.

"மாத்தச் சொல்லி நான் கேக்கலையேண்ணே" என்றார். "இதுலதான் எல்லாரும் பாடுறாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா, அந்தப் புள்ளைக்கு எதிர்ப்பாட்டாவே பாடியிருப்பேன்."

ட்ரெவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். கேட்காததற்கு எனக்குக் கிடைத்தது வெறும் திட்டு. பாட்டை இழந்தது முருகேசன்.