பரிமளா கேட்டதும் பாஸ்டர் சொன்னதும்

பாஸ்டர் பிரேம்குமாரிடம் யாராவது கேள்வி கேட்க வாயைத் திறந்தால் போதும், கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்து விழுந்துவிடும். பூலாம்பாடியில் கூலிவேலை செய்த குடும்பத்தில் பிறந்து, சில வருடம் சிமெண்ட் மூட்டை சுமந்து, பிறகு வேதபாடம் படித்து, அரியலூருக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட ஒரு சபைக்கு வந்து சேர்ந்தவர். தெரியாது என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் சனங்கள் வேறு சபைக்குப் போய்விடுவார்கள் என்கிற பயம் அவருக்கு. அந்தப் பயத்துக்கு விசுவாசம் என்று பெயர் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தார்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வாசலில் நின்று எல்லோருக்கும் கை கொடுத்து அனுப்புவது வழக்கம். அன்றைக்கு வரிசையில் வந்த பரிமளா கையை விடாமல் கேட்டாள்.

"ஐயா, சுகமாயிடுச்சுன்னு சாட்சி சொன்னதுக்கப்பறம் சந்தேகப்படுறது பாவந்தானுங்களே?"

"பாவந்தாம்மா. சந்தேகமே படாதீங்க. ஸ்தோத்திரம்!" என்றவர், அடுத்த ஆளுக்குக் கையை நீட்டிவிட்டார்.

பரிமளாவின் மகள் வெற்றிச்செல்வி பத்தாம் வகுப்பு படிக்கிறாள். சின்ன வயதிலேயே சர்க்கரை நோய். தினமும் ஊசி போட்டாக வேண்டும். போன மாதம் பெரம்பலூரில் நடந்த கூட்டத்தில் வெளியூர் ஊழியக்காரர் ஒருவர் அவள் தலையில் கைவைத்து ஜெபித்தார். மறுவாரம் பரிசோதித்தபோது சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருந்தது. பரிமளா அடுத்த ஞாயிறே மைக்கைப் பிடித்து, மகளுக்குப் பூரண சுகம் என்று சாட்சி சொன்னாள். சபையே கைதட்டியது. பாஸ்டரும்தான் தட்டினார். ஆனால் வீட்டில் ஊசி தொடர்ந்துகொண்டிருந்தது. சாட்சி சொல்லிவிட்டு ஊசியும் போடுவது ஆண்டவரைச் சந்தேகப்படுவதா என்றுதான் அந்தப் பாவி மனுஷி கேட்க வந்தாள். எதற்காகக் கேட்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்கக்கூடவா இவருக்கு நேரமில்லை? அன்று சாயங்காலத்திலிருந்து ஊசி நின்றுபோனது.

செவ்வாய்க்கிழமை காலை, வெற்றிச்செல்விக்கு வாந்தி நிற்கவில்லை என்று ஆள் வந்து சொன்னார். பாஸ்டர் ஜெபிக்கப் போனார். பாஸ்டர் வந்தால் பிளாஸ்டிக் நாற்காலி வரும், கலர் சோடா வரும், அக்கம்பக்கத்து விசுவாசிகள் வேதாகமத்தோடு வந்து சுற்றி உட்காருவார்கள். எல்லாம் வந்தது. பெண் பாயில் சுருண்டு கிடந்தாள்.

"மருந்தெல்லாம் ஒழுங்காத்தானம்மா போயிட்டிருக்கு?"

பரிமளா சுற்றிலும் பார்த்தாள். கைதட்டிய அதே ஆட்கள்.

"போகுதுங்க ஐயா."

ஆமாம் என்று சொல்ல வைக்கிற மாதிரி கேட்டால் ஆமாம் என்றுதானே வரும். பாஸ்டர் கண்ணை மூடி ஜெபத்தை ஆரம்பித்தார். பாதியில் ஒரு சத்தம் காதில் விழுந்தது. வெகுதூரம் ஓடி வந்தவள்போலப் படுத்த இடத்திலேயே அந்தப் பெண் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். பாஸ்டருக்கு வார்த்தை தடுமாறியது. ஆமென் சொல்லாமலே கண்ணைத் திறந்துவிட்டார்.

"எல்லாரும் கொஞ்சம் வெளிய இருங்க."

"ஜெபத்த முடிச்சிடுங்க ஐயா, பாதியில வுடக் கூடாது" என்றாள் பக்கத்து வீட்டு ஆண்டாயி.

"அப்பறம் முடிச்சுக்கலாம். போங்கம்மா!"

வீடு காலியானதும் நாற்காலியை விட்டு இறங்கிப் பாய் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"பாப்பா, கடைசியா எப்ப ஊசி போட்ட?"

பெண் அம்மாவைப் பார்த்தாள். காலையிலதானே என்று எடுத்துக்கொடுக்க பாஸ்டரின் நாக்கு துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று வீடு அதிரக் கடந்து போனது.

"ஞாயித்துக்கெழம... காலைல."

பரிமளா வெடித்துவிட்டாள்.

"நீங்கதானங்கய்யா சந்தேகப்படாதேன்னீங்க!"

நீ கேட்டது ஊசியைப் பற்றி என்று எனக்கென்ன தெரியும் என்ற சொல் தொண்டைவரை வந்தது. விழுங்கினார்.

"தப்பா சொல்லிட்டேம்மா. கெளம்புங்க, ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்."

அவள் வாசலை மறித்து நின்றாள். "மைக்குல சொன்ன வாயிங்க இது. இப்ப போனா ஊரே சிரிக்காதா? அப்ப ஆண்டவரு சுகம் குடுக்கலையா? சொல்லுங்கய்யா!"

வசனங்கள் வரிசை கட்டி வந்தன. எதை எடுத்து வீசினாலும் அவள் அடங்கிவிடுவாள், ஆனால் பிள்ளை?

"தெரியலம்மா." இத்தனை வருட ஊழியத்தில் முதல் தடவையாக அந்தச் சொல்லைச் சொன்னார். "புள்ளைக்கு மூச்சு வாங்குறதுதான் தெரியுது. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. ஊசிய நிறுத்தச் சொன்னது ஆண்டவரா?"

பரிமளா யோசித்தாள்.

"இல்லீங்க. நீங்கதான்."

சொன்ன பிறகுதான் அவளுக்கே அது உறைத்தது. வாசலை விட்டு விலகி, மகளைத் தூக்கினாள்.

ஆட்டோவில் வெற்றிச்செல்வியின் தலை பாஸ்டரின் தோளில் துவண்டு துவண்டு விழுந்தது. கூப்பிட்டால் ஒரு முனகல் மட்டும் வந்தது. ரயில்வே கேட் சாத்தியிருந்தது. கூட்ஸ் வண்டியோ முடிகிற வழியாக இல்லை. பாஸ்டருக்கு ஜெபம் வரவில்லை, அழுகைதான் வந்தது.

ஆஸ்பத்திரியில் உள்ளே கொண்டுபோனவர்கள் வெகுநேரம் கழித்துத்தான் கதவைத் திறந்தார்கள். அதற்குள் பாதிச் சபை வராந்தாவுக்கு வந்துவிட்டது. வெளியே வந்த டாக்டரம்மாவுக்கு முகம் சிவந்திருந்தது.

"பொழச்சிக்கிட்டா. இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா போயிருப்பா. யாரு ஊசிய நிறுத்துனது?"

"நானாத்தாங்க மேடம்" என்றாள் பரிமளா, தலையைக் குனிந்துகொண்டு.

"அவங்க இல்லீங்க" என்று பாஸ்டர் முன்னால் வந்தார். "நான்தான் சொன்னேன். இவங்க சபை பாஸ்டருங்க நான்."

டாக்டரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னும் எத்தன பேருக்கு இப்படிச் சொல்லியிருக்கீங்க?"

கை கொடுத்து அனுப்பிய முகங்கள் ஒவ்வொன்றாக நினைவில் வந்தன. மெல்லத் திரும்பித் தன் சபையாரைப் பார்த்தார். யாரும் அவர் கண்ணைப் பார்க்கவில்லை. சுவரோரம் நின்ற ஆண்டாயிதான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"ஐயா, நானும் பிரஷர் மாத்திரைய வுட்டுட்டேங்க."