ஏழு ஒன்றுகளும் மீதி மூன்றும்

நாட்காட்டியில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டு, வரிசையாகக் கம்பியில் குத்திவைப்பாள் என் நாத்தனார். திண்டுக்கல் வீட்டை நினைத்தால் அந்தக் கம்பிதான் முதலில் வருகிறது, கூடவே நெஞ்சில் ஒரு குறுகுறுப்பும். ஐம்பதுகளின் கடைசி. ஆயக்குடியிலிருந்து நான் வாக்கப்பட்டு வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. அவளுக்குக் கல்லூரியில் கணிதம் படிக்க ஆசை. பூட்டுப் பட்டறை வைத்திருந்த என் மாமனாருக்கு அவளைக் கட்டிக்கொடுத்துவிட ஆசை. நடுவில் மதுரைப் பேராசிரியர் ஒருவர் அவளைச் சோதிக்க ஒரு கேள்வி அனுப்பினார்: ஒன்றை ஏழு தடவை எழுதினால் வரும் 11,11,111 பகா எண்தானா? மாமனார் முடிவாகச் சொல்லிவிட்டார்: "அவரு சரின்னு எழுதட்டும், அனுப்புறேன். இல்லேன்னா தையில கல்யாணம்."

இரண்டு ஒன்றுகள் சேர்ந்த பதினொன்று உடையாது. மூன்று, நான்கு, ஐந்து, ஆறு ஒன்றுகள் சேர்ந்தால் உடைந்துவிடும். ஏழு உடையாது என்று அவளுக்கு ஒரு பிடிவாதம். அதை நிரூபிக்க, அதன் வர்க்கமூலம் வரை, அதாவது ஆயிரத்து ஐம்பத்து நான்குக்குள் இருக்கும் நூற்று எழுபத்தேழு பகா எண்களாலும் வகுத்துப் பார்த்தாக வேண்டும். உட்காரவே மாட்டாள். அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே முணுமுணுப்பாள். பார்க்கிற எனக்குத் தலை சுற்றும். பேராசிரியருக்குப் பதில் அனுப்ப வேண்டிய கெடு நெருங்கியதும் என்னிடம் வந்தாள். "மதினி, இம்புட்டையும் ஒருத்தியா முடிக்க ஏலாது. ஒரு பத்து மட்டும் நீங்க போட்டுக் கொடுங்க." 191 முதல் 239 வரை என் பங்கு.

ஒன்பதை ஒழுங்காகத்தான் வகுத்தேன். பத்தாவது தாளை எடுத்தபோது என் கணவர் வாசலில் பையோடு நின்று, "செத்த நேரத்துல பஸ்ஸு போயிரும், வா" என்று கத்தினார். அம்மாவைப் பார்க்கப் போகிற பரபரப்பு எனக்கு. '239, மீதி 3' என்று வாய்க்கு வந்ததை எழுதிக் குத்திவிட்டு ஓடினேன். இந்த வயதில் அதை வகுத்துப் பார்த்தேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

'பகா எண்தான்' என்று அவள் எழுதி அனுப்பினாள். பேராசிரியரின் பதில் கார்டில் இரண்டே வரி: 239-ஆல் வகுத்துப் பார்க்கவும். ஈவு 4649, மீதி இல்லை. மாமனார் அதைச் சத்தமாகப் படித்தார். அவள் கம்பியிலிருந்து அந்தத் தாளை உருவினாள். என் கையெழுத்தில் அந்த ஒரு வரி. கீழே வகுத்த சுவடே இல்லை. என்னை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தாளை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு, "நான்தான்ப்பா தப்பாப் போட்டுட்டேன்" என்றாள்.

தை பிறக்க இன்னும் இரண்டு மாதம் இருந்தது. ஒவ்வொரு நாள் காலையிலும், இன்றைக்கு மாமனாரிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் எழுந்தேன். புதுப் பெண்ணை என்ன சொல்வார்களோ என்ற பயம். முகூர்த்தத்துக்கு முதல் நாள், அவளுக்குத் தலை நிறைய வைக்க மல்லிகைப்பூ வாங்கிவர, நான்தான் நிலக்கோட்டைக்குப் போனேன்.